பர்லிங்டன்: வந்தது, போனது, திரும்பி வந்தது

2010 மார்ச் 2ஆம் தேதி, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் நகரம், ஐந்து வருடம் முன்பு தானே ஆசைப்பட்டுக் கொண்டுவந்த முன்னுரிமை வாக்கு என்ற தேர்தல் முறையைத் தானே தூக்கிப் போட்டது. நீக்கச் சொன்னவர்கள் 3,972 பேர். இருக்கட்டும் என்றவர்கள் 3,669 பேர். வித்தியாசம் 303 ஓட்டு. இதில் ஒரு விசேஷம் உண்டு: நகரத்தின் ஏழு வார்டுகளில் ஐந்தில் 'இருக்கட்டும்' என்பதுதான் ஜெயித்தது. வடக்கே ‘நியூ நார்த் எண்ட்’ என்ற குடியிருப்புப் பகுதியின் இரண்டு வார்டுகளில், அதாவது 4லும் 7லும், நீக்கச் சொல்லி விழுந்த ஓட்டு மொத்தக் கணக்கையும் புரட்டிவிட்டது.

முன்னுரிமை வாக்கு முறையை ஒரு நகரத்துக்குக் கொண்டுவர நினைக்கிற யாரும் பர்லிங்டனைத் தாண்டிப் போக முடியாது. எதிர்ப்பவர்கள் முதலில் எடுத்துக் காட்டுவதும் இந்த ஊரைத்தான். பதினொரு வருடம் கழித்து அதே ஊர் அதே முறையை மறுபடி ஏற்றுக்கொண்டது என்பதைப் பலரும் சேர்த்துச் சொல்வதில்லை. இந்த ஆய்வு இரண்டு பாதியையும் பற்றியது. ஆனால் அதிக நேரம் நிற்கப்போவது நடுவில் நடந்த ஓர் எண்ணிக்கையில்.

முறை

வாக்குச்சீட்டில் ஒருவருக்கு மட்டும் குறி போடாமல், முதல் விருப்பம் இவர், இரண்டாவது இவர், மூன்றாவது இவர் என்று வரிசைப்படுத்துகிறோம். முதல் விருப்பங்களை எண்ணும்போதே யாராவது பாதிக்கு மேல் வாங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் கடைசியில் இருப்பவரை விலக்கி, அவர் பெயரில் கட்டி வைத்த சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். அடுத்த விருப்பமே எழுதாத சீட்டு அத்துடன் எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடும். நமக்கு இது அறவே புதிதல்ல. சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்கு ஆள் அனுப்பும்போது இதன் உறவுக்கார முறையில்தான் ஓட்டுப் போடுகிறார்கள். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் சாதாரண வாக்காளரே இரண்டாவது, மூன்றாவது விருப்பம் குறிக்கலாம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஊர்

ஷாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கும் பர்லிங்டனின் மக்கள் தொகை 2020 கணக்கெடுப்பின்படி 44,743. நம் கணக்கில் ஒரு சின்ன நகராட்சிதான். வெர்மான்ட்டிலோ இதுதான் பெரிய நகரம். மேயர் தேர்தலில் கட்சிக்காரர்கள் நேரடியாகவே மோதுகிறார்கள். அமெரிக்காவில் மற்ற இடங்களில் இரண்டு கட்சி என்றால் இங்கே மூன்று: டெமாக்ரடிக், ரிபப்ளிகன், ப்ரோக்ரஸிவ். மூன்றாவது கட்சிக்கு விதை போட்டது 1981. அந்த வருடம் பெர்னி சாண்டர்ஸ் சுயேச்சையாக நின்று, பதவியில் இருந்த மேயரைப் பத்தே ஓட்டில் தோற்கடித்தார். அன்று களத்தில் நான்கு பேர். ஓட்டு நாலாகப் பிரிந்ததால்தான் ஜெயித்தார் என்று சொல்ல அன்றும் ஆள் இருந்தது.

"ஓட்டைப் பிரிக்கத்தான் இவனை நிறுத்தியிருக்கிறார்கள்" என்று நம் டீக்கடையில் பேசுவதை அந்த ஊரில் மூன்று பலமான கட்சிகள் வைத்துக்கொண்டு தேர்தலுக்குத் தேர்தல் பேச வேண்டியிருந்தது. பழைய விதிப்படி 40 சதவீதம் வாங்கினால் மேயர். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் முதல் இருவருக்கும் இன்னொரு நாள் மறுதேர்தல். மூன்று கட்சி ஊரில் 40 சதவீதம் என்பது, பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றாலும் மேயராகலாம் என்று அர்த்தம்.

2005: ஏற்றுக்கொண்டது

வெர்மான்ட்டில் ஒரு நகரம் தன் தேர்தல் முறையைத் தானாக மாற்றிக்கொள்ள முடியாது. முதலில் நகர மன்றம் தீர்மானம் போட வேண்டும். அல்லது வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் மனுவில் கையெழுத்திட வேண்டும். பிறகு ஊர் ஓட்டுப் போட வேண்டும். அப்புறம் நகர சாசனத் திருத்தமாக அது மாநிலச் சட்டமன்றத்துக்குப் போய்த் தேறி, ஆளுநர் மேசையைத் தாண்டி வர வேண்டும். ஆக, தெருவில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் மூன்று இடத்தில் ஜெயிக்க வேண்டும்: மன்றம், வாக்குச்சாவடி, தலைநகர் மான்ட்பெலியர். வீடு வீடாகப் போகத் தெரிந்தவர்களுக்கு சட்டமன்றக் குழு முன்னால் உட்காரத் தெரியாது, அங்கே உட்காரத் தெரிந்தவர்களுக்குக் கதவு தட்டப் பிடிக்காது. இரண்டு கூட்டமும் வேண்டும் என்பது இந்த மாதிரி இயக்கங்களில் சீக்கிரமே தெரிந்துவிடும்.

2005 மார்ச்சில், ஊர்கள் எல்லாம் கூடி ஓட்டுப் போடும் 'டவுன் மீட்டிங் டே' அன்று, மேயர் தேர்தலுக்கு இந்த முறை வேண்டும் என்று சுமார் 64 சதவீதம் பேர் சொன்னார்கள். 2006இல் முதல் முறையாக நடந்தது. ப்ரோக்ரஸிவ் கட்சியின் பாப் கிஸ், டெமாக்ரடிக் கட்சியின் ஹிண்டா மில்லர், ரிபப்ளிகன் கட்சியின் கெவின் கர்லி. முதல் சுற்றில் சுமார் 39 சதவீதத்துடன் முன்னால் இருந்தவர் கிஸ். கர்லி விலகிய பிறகு, மீதியிருந்த சீட்டுகளில் 54 சதவீதம் வாங்கி ஜெயித்ததும் அவரே. முன்னால் இருந்தவரே ஜெயித்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எந்த முறைக்கும் முதல் தேர்தல் இப்படி அமைவது அதிர்ஷ்டம். கொஞ்சம் ஆபத்தும்கூட, ஏனென்றால் அதன் விசித்திரங்கள் எதையும் ஊர் பார்க்கவில்லை.

2009: அந்த எண்ணிக்கை

2009 மார்ச்சில் கிஸ் மறுபடி நின்றார். எதிரே ரிபப்ளிகன் கர்ட் ரைட், டெமாக்ரட் ஆண்டி மான்ட்ரோல், சுயேச்சை டான் ஸ்மித், கிரீன் கட்சியின் ஜேம்ஸ் சிம்ப்சன். முதல் விருப்பங்களை எண்ணியபோது:

ரைட் 2,951
கிஸ் 2,585
மான்ட்ரோல் 2,063
ஸ்மித் 1,306
சிம்ப்சன் 35, பெயர் எழுதிப் போட்டவை 36

கடைசியில் இருந்தவர்களையும் ஸ்மித்தையும் விலக்கிச் சீட்டுகளைப் பிரித்தார்கள். ரைட் 3,294, கிஸ் 2,981, மான்ட்ரோல் 2,554. இப்போது மான்ட்ரோல் வெளியே. அவருடைய 2,554 சீட்டுகளில் 1,332 கிஸ் பக்கம் போனது, 767 ரைட் பக்கம் போனது, 455 சீட்டில் அடுத்து யார் பெயரும் இல்லை. முடிவு: கிஸ் 4,313, ரைட் 4,061. இரண்டு சுற்றிலும் முன்னால் இருந்த ரைட் 252 ஓட்டில் தோற்றார்.

நியூ நார்த் எண்டில் கோபம் கிளம்பியது. "எங்கள் ஆள்தானே முதலில் இருந்தார்?" கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ரைட் வாங்கியது 33 சதவீதம்கூட முழுதாக இல்லை. பழைய 40 சதவீத விதி இருந்திருந்தாலும் அவர் அன்று மேயராகியிருக்க முடியாது. மறுதேர்தல் வந்திருக்கும். யார் யாருக்கு? ரைட்டுக்கும் கிஸ்ஸுக்கும். அதே இருவர்தான். அதாவது எந்த விதியைத் திரும்பக் கேட்டு 2010இல் ஓட்டுப் போட்டார்களோ, அந்த விதியும் அவர்களை இதே வாசலில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

ஆனால் இத்துடன் விட்டால் அது ஆதரவாளர் எழுதிய ஆய்வாகிவிடும். உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

வாக்குச்சீட்டுகளின் விவரம் முழுவதையும் நகரம் வெளியிட்டது. அதனால் யாரும் உட்கார்ந்து கணக்குப் போட முடிந்தது. இருவர் இருவராக ஒப்பிட்டுப் பார்த்தால், மான்ட்ரோலையும் கிஸ்ஸையும் மட்டும் வைத்தால் மான்ட்ரோல் சுமார் 590 ஓட்டில் ஜெயிக்கிறார். மான்ட்ரோலையும் ரைட்டையும் வைத்தால் 900 ஓட்டுக்கு மேல் ஜெயிக்கிறார். ஊரில் பெரும்பான்மையினர் மற்ற ஒவ்வொருவரையும் விட விரும்பிய ஆள், மூன்றாவதாக வந்து வெளியே போனார். பலருக்கு இரண்டாவது விருப்பமாக இருந்தவருக்கு முதல் விருப்பம் போதவில்லை.

இதை ஒரே ஒரு சீட்டில் பார்க்கலாம். நியூ நார்த் எண்டில் ஒரு வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, ரைட். இரண்டு, மான்ட்ரோல். கிஸ் வரவே கூடாது என்பதால் அவருக்கு எண்ணே போடவில்லை. இந்தச் சீட்டு முதல் சுற்றில் ரைட்டின் கட்டுக்குள் விழுகிறது. ரைட் கடைசிவரை இருக்கிறார், அதனால் சீட்டு அங்கேயே கிடக்கிறது. இரண்டாவது விருப்பம் என்று அவர் யோசித்து எழுதிய பெயரை யாரும் திறந்தே பார்க்கவில்லை. எந்த ஆள் வரக் கூடாது என்று நினைத்தாரோ அவர் வந்துவிட்டார்.

கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாம். இப்படிப்பட்டவர்களில் 371 பேர் மட்டும் தங்கள் முதல் விருப்பத்தை மான்ட்ரோலுக்குக் கொடுத்திருந்தால், ரைட் 2,923, மான்ட்ரோல் 2,925, கிஸ் 2,981. ரைட் வெளியே போயிருப்பார், கடைசிச் சுற்றில் மான்ட்ரோல் கிஸ்ஸை வென்றிருப்பார். மனதார முதல் ஆளுக்குப் போட்டதால் தங்களுக்குப் பிடிக்காத ஆளைக் கொண்டுவந்தார்கள். ஓட்டைப் பிரித்தது யார் என்று டீக்கடையில் கேட்டால் பதில் ரைட்! முதலில் வந்தவரே ஓட்டைப் பிரித்தவராக இருப்பது நம் ஊர் அகராதியில் கிடையாது.

இந்த இடத்தில்தான் இயக்கக்காரர்களைப் பற்றி என் குறை. இந்த முறைக்காகக் கதவு தட்டுகிற எந்த ஊரிலும் இரண்டு வாசகம் கட்டாயம் காதில் விழும்: "ஜெயிப்பவருக்குப் பெரும்பான்மை இருக்கும்", "இனி ஓட்டுப் பிரியாது". பர்லிங்டனில் 2009இல் இரண்டும் சறுக்கின. கிஸ் வாங்கிய 4,313 என்பது போட்ட 8,976 ஓட்டில் 48 சதவீதம். பெரும்பான்மை என்பது கடைசிவரை தாக்குப்பிடித்த சீட்டுகளில் மட்டும். ஓட்டும் பிரிந்தது. பழைய முறையை விட இது மேல் என்று சொல்லியிருந்தால் 2009 அதைப் பொய்யாக்கியிருக்காது. குறையே இல்லாத முறை என்று சொன்னதைத்தான் ஒரே ஓர் எண்ணிக்கை பொய்யாக்கியது.

இன்னொரு பக்கம், எதிர்ப்பாளர்கள் பயமுறுத்திய ஒன்று நடக்கவே இல்லை. மக்கள் குழம்பிப்போவார்கள், சீட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்றார்கள். அந்தத் தேர்தலில் செல்லாத ஓட்டு நான்கு. ஆமாம், கிட்டத்தட்ட ஒன்பதாயிரத்தில் நான்கு.

இலங்கையோடு ஓர் ஒப்பீடு இங்கே பொருந்தும். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம்தான் கிடைத்தது. வரலாற்றில் முதல் முறையாக விருப்பு வாக்குகளை எண்ண வேண்டி வந்தது. முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த 33 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளில், அநுரவுக்கோ சஜித் பிரேமதாசவுக்கோ போய்ச் சேர்ந்தவை சுமார் 2.73 லட்சம். பத்தில் ஒன்றுகூட இல்லை. பர்லிங்டனில் 2009இல் தம் முதல் விருப்பத்தை இழந்த 3,440 சீட்டுகளில் 2,838 கடைசிச் சுற்றிலும் எண்ணப்பட்டன, பத்தில் எட்டுக்கு மேல். சட்டத்தில் வரிசைப்படுத்த இடம் இருப்பது வேறு, ஜனங்கள் அதைப் பழக்கமாக வைத்திருப்பது வேறு. இலங்கையில் 1982 முதல் அந்த இடம் இருக்கிறது. அது தேவைப்பட நாற்பத்திரண்டு வருடம் ஆனது.

மேயரின் கடன், முறையின் தலையில்

கிஸ் ஜெயித்த கொஞ்ச மாதத்தில் வேறு பூதம் கிளம்பியது. நகரம் சொந்தமாக ஒரு கேபிள், இணையச் சேவை நடத்திவந்தது: பர்லிங்டன் டெலிகாம். அதற்கு நகரத்தின் பொதுப் பணத்திலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் கைமாறியிருந்தது 2009இன் பிற்பகுதியில் வெளியே வந்தது. நிர்வாகத்தின் மேல் இருந்த நம்பிக்கை சரிந்தது.

நீக்கச் சொல்லி மனு சுற்றிக்கொண்டிருந்ததும் இதே காலத்தில்தான். 2010 மார்ச்சில் வாக்காளர் கையில் வந்த கேள்வி வாக்கு எண்ணும் முறையைப் பற்றியது. மேயர் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிற கேள்வி எதுவும் அந்தச் சீட்டில் இல்லை. அப்படியானால் மேயர் மேல் இருந்த கோபம் எங்கே போகும்? கையில் கிடைத்த கேள்வியின் மேல்தான். 303 ஓட்டு வித்தியாசத்தில் டெலிகாமுக்கு எவ்வளவு பங்கு, மான்ட்ரோல் கணக்குக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. ஆனால் மான்ட்ரோல் ஆதரவாளர்களைவிட ரைட் ஆதரவாளர்கள் வலுவாக இருந்த வார்டுகள்தான் முறையை வீழ்த்தின. கோட்பாட்டுப்படி பார்த்தால் அதிகம் குறைப்பட்டிருக்க வேண்டியவர்கள் மான்ட்ரோல் பக்கத்தவர்கள். தோற்றவன் கோபம் எந்தக் கணிதத்தையும்விட வேகமாக நடக்கும்.

ஒரு முறையைக் கொண்டுவருகிறவர்கள் அதில் ஜெயிக்கப்போகும் முதல் இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அந்த இருவர் செய்யும் தப்பெல்லாம் முறையின் கணக்கில் எழுதப்படும். பர்லிங்டனில் அந்த இருவரும் ஒரே ஆளாகப் போனது கூடுதல் துரதிர்ஷ்டம்.

இடைக்காலம்

40 சதவீத விதி திரும்பி வந்தது. 2011இல் அதை 50 ஆக்கலாமா என்று கேட்டபோது 58.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஊருக்கு இந்தப் பேச்சே அலுத்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே வருடம் நவம்பரில் டெமாக்ரடிக் கட்சி தன் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடியபோது கடைசிச் சுற்றில் மிரோ வைன்பெர்கருக்கு 540, டிம் ஆஷுக்கு 540. இதற்கு எந்த முறையாலும் மருந்து கிடையாது. பிறகு மறுபடி கூடித்தான் வைன்பெர்கரை முடிவு செய்தார்கள். 2012இல் கிஸ் நிற்கவில்லை. வைன்பெர்கர் மேயரானார்.

2021: பின்வாசல் வழியாக

2020இல் நகர மன்றம் இந்த முறையை மறுபடி வாக்காளர் முன் வைக்கத் தீர்மானித்தது, மேயர் தேர்தலையும் சேர்த்து. வைன்பெர்கர் வீட்டோ போட்டார். பிறகு ஒரு சமரசம்: மேயர் தேர்தலைத் தொட வேண்டாம், கவுன்சிலர் தேர்தலுக்கு மட்டும் கேட்கலாம். அந்த அளவுக்குச் சுருங்கிய கேள்விதான் 2021 மார்ச்சில் ஊர் முன் வந்தது. வெர்மான்ட் பொதுநல ஆய்வுக் குழு போன்ற அமைப்புகள் ஆதரித்து வேலை பார்த்தன.

ஆதரவாளர்களுக்கு அன்று அது தோல்வி போலத்தான் இருந்திருக்கும். எனக்கென்னவோ அந்த வீட்டோ அவர்களுக்குச் செய்த உதவியை அவர்களே திட்டமிட்டிருந்தாலும் செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது. மேயர் பதவி என்றாலே 2009 ஞாபகம் வரும். கவுன்சிலர் தேர்தலில் அந்தப் பேய் இல்லை. ஒரு வார்டு, சில ஆயிரம் வாக்காளர்கள், பல இடங்களில் இரண்டே வேட்பாளர்கள். விசித்திரம் நடந்தாலும் ஒரு வார்டோடு போகும், நகரம் முழுக்கப் பற்றாது. ஜனங்களுக்கும், நகர எழுத்தர் அலுவலகத்துக்கும், சாவடியில் உட்காரும் ஊழியர்களுக்கும் பழகிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

சுமார் 64 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2005இல் வந்த அதே அளவு. அதே நாளில் அதே சாவடிகளில் நடந்த மேயர் தேர்தலைப் பாருங்கள்: வைன்பெர்கர் 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கி, ப்ரோக்ரஸிவ் கட்சியின் மேக்ஸ் ட்ரேசியை 129 ஓட்டில் தாண்டினார். மூன்றாவதாக வந்த சுயேச்சை அலி டியெங் சுமார் 13 சதவீதம் வாங்கியிருந்தார். அந்த 13 சதவீதத்தின் இரண்டாவது விருப்பம் யார்? சீட்டில் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. முன்னுரிமை வாக்கு முறைக்கு இதைவிட நல்ல விளம்பரத்தை எந்தத் துண்டுப் பிரசுரமும் செய்திருக்காது. என்ன, ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான் அது வெளியே வந்தது.

மான்ட்பெலியரில் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. 2022இல் சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. ரிபப்ளிகன் ஆளுநர் ஃபில் ஸ்காட் கையெழுத்தும் போடவில்லை, தடுக்கவும் இல்லை, மசோதா தானாகச் சட்டமானது. 2022 டிசம்பரில் நகரத்தின் கிழக்கு மாவட்டம் என்ற கவுன்சிலர் தொகுதியில் நடந்த ஓர் இடைத்தேர்தலில் முதல் முறையாகப் பயன்படுத்தினார்கள். அடுத்த மார்ச்சில் பொதுவான கவுன்சிலர் தேர்தல். அன்றே இன்னொரு கேள்வியும் சீட்டில் இருந்தது: மேயர் தேர்தலுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாமா? சரி என்றது ஊர். 2010இல் முன்வாசல் வழியாகத் தள்ளப்பட்டது, பதின்மூன்று வருடம் கழித்துக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

மான்ட்ரோல் பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. மூன்று பேர் ஏறக்குறைய சம பலத்தில் நின்று, நடுவில் இருப்பவர் எல்லோருக்கும் இரண்டாவது விருப்பமாக இருந்தால் நாளைக்கும் அதே நடக்கலாம். எண்ணும் விதி அதேதான். அப்படி ஒரு முடிவு வரும் இரவில், எப்படி வந்தது என்று பத்திரிகைக்காரரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் விளக்க ஆள் தயாராக இருக்கிறதா என்பதில்தான் மாற்றம் இருக்க முடியும்.

2024 மார்ச் 5 அன்று, பதினைந்து வருடத்துக்குப் பிறகு, பர்லிங்டன் மறுபடி தன் மேயரை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுத்தது. களத்தில் நான்கு பேர். ப்ரோக்ரஸிவ் கட்சியின் எம்மா மல்வேனி-ஸ்டேனக் சுமார் 51 சதவீதம் வாங்கி, அந்த நகரத்தின் முதல் பெண் மேயரானார். முதல் சுற்றிலேயே பாதியைத் தாண்டிவிட்டதால் யாருடைய இரண்டாவது விருப்பத்தையும் எண்ண வேண்டியிருக்கவில்லை.